முகத்துவாரம் வெட்டிய பகல்

மூன்றாவது குழியிலும் தண்ணீர் ஊறிவிட்டது. நௌஃபர் மண்வெட்டியை ஈர மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு, சாரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறினான். அந்த ஊரில் கபுறுக் குழி வெட்டுகிறவன் அவன்தான். யார் இறந்தாலும் சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவனுக்குத்தான் செய்தி போகும். மையவாடிச் சுவருக்கு வெளியே நின்ற அஸ்ரியாவை நேரே பார்க்காமல், அவளுக்குக் கேட்கும்படி மட்டும் சொன்னான்.

"வெட்ட வெட்ட ஊறுது. முழங்காலுக்கு வந்திட்டு. இதுக்குள்ள மையத்த வெக்க ஏலாது."

அஸ்ரியா இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். மையவாடியின் ஆற்றுப் பக்கப் பாதி தண்ணீருக்குள் கிடந்தது. தலைமாட்டுக் கற்களின் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. மேட்டுப் பக்கத்தில், பூவரச மரத்தடியில், ஹஸ்மியின் சின்னக் கபுறு இன்னும் நனையாமல் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று நௌஃபர் தோண்டிப் பார்த்த மூன்று குழிகளிலும் வானம் தெரிந்தது.

உம்மா அன்று விடியற்காலையில் இறந்துபோனார். சுபஹ் தொழுதுவிட்டு, தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டு, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று படுத்தவர் எழும்பவில்லை. அஸ்ரியா கோப்பையை எடுக்கப் போனபோது அதில் சூடு மிச்சம் இருந்தது. ஹிதாயா என்ற பெயருடைய அந்த மனுஷி வாழ்க்கையில் யாரையும் அதிகமாகச் சிரமப்படுத்தியதில்லை, சாவிலும் படுத்தவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் கேட்டார் என்று சொல்ல முடியாது, தன்னை ஹஸ்மிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பிள்ளை ஹஸ்மி ஏழு வயதில் காய்ச்சலில் போனவன். அவனை இந்தப் பூவரசடியில் அடக்கிய நாள் முதல், வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் உம்மா இந்தச் சுவருக்கு வெளியே வந்து நிற்பார். அந்த ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. கையை நீட்டினால் மரத்தின் இலையைத் தொடலாம், கபுறைத் தொட முடியாது. ஒரு தடவை அஸ்ரியா, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போய்விட்டு வாருங்களேன் என்று சொன்னபோது உம்மா சிரித்தார். "எனக்கு உள்ள போக ஒரு தரந்தான் உத்தரவு மகள். அந்த ஒரு தரத்தக் களவாப் போய் முடிச்சுக்கொள்ள ஏலாது" என்றார்.

அந்த ஒரு தரம் இன்றைக்குத்தான்.

மையவாடி வாசலில் பள்ளிவாசல் தலைவர் அஸாம் ஹாஜியார் குடையோடு நின்றார். பக்கத்தில் அஸ்ரியாவின் மூத்த சகோதரன், ஸப்வான் நானா, அழுது வீங்கிய முகத்தோடு, போனைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில், புத்தளத்துக்குப் போகும் வழியில், மேட்டு நிலத்தில் புது மையவாடி ஒன்று இருக்கிறது. அங்கே தண்ணீர் வராது. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அங்கேயே அடக்கிவிடலாம் என்று ஹாஜியார் நிதானமாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அதனால்தான் அஸ்ரியாவுக்குக் கோபம் வந்தது.

"உம்மாவ ஹஸ்மிக்குப் பக்கத்துலதான் அடக்கணும் ஹாஜியார்."

"மண் எல்லாம் அல்லாட மண்தான் மகள்."

"ஓம். தண்ணியும் அவன்ட தண்ணிதான். அதக் கொஞ்சம் இறக்கினாக் காணும்."

"எப்பிடி இறக்குற?"

"வாய வெட்டுவம்."

ஸப்வான் போனைச் சட்டைப் பையில் போட்டான். நௌஃபர் அப்போதுதான் முதல் தடவையாக அவளை நேரே பார்த்தான்.

முன்பு இந்த ஆற்றுக்கு யாரும் வாய் வெட்டிக் கொடுக்கத் தேவையிருந்ததில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து முகத்துவாரத்தை அடைக்கும். ஒக்டோபர் மழைக்கு ஆறு வந்து அதை உடைத்துக்கொண்டு போகும். கொஞ்சம் சுணங்கினால், ஆட்கள் மண்வெட்டியோடு போய் ஒரு கீறல் கீறிவிடுவார்கள், மிச்சத்தை ஆறே பார்த்துக்கொள்ளும். கடலுக்கும் ஆற்றுக்கும் அப்படியொரு பழைய கொடுக்கல் வாங்கல் இருந்தது. இப்போது ஒக்டோபரில் மழை வருவதில்லை. பின்தள்ளிப் போய், வரும்போது இரண்டு மாத மழையும் இரண்டே நாளில் கொட்டுகிறது. மேலே குளத்தைப் பெரிதாக்கி அணை கட்டிய பிறகு, வான்கதவு திறக்கும் நாளில் மட்டும் எட்டிப் பார்க்கும் விருந்தாளியாகிவிட்டது ஆறு. இடையில் வில்லுகள் இருந்தன. வெள்ளத்தை வாங்கி வைத்திருந்து, கோடை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு விட்ட தாழ்ந்த நிலங்கள் அவை. அவற்றைச் சுற்றி வரம்பு போட்டு இறால் வளர்த்தார்கள். தென்னந்தோட்டங்களைத் தறித்து, துண்டு போட்டு விற்றார்கள். மிச்சமிருந்த ஆற்றின் அடியை டிப்பர்களில் ஏற்றிப் போனார்கள். தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் விழுந்து படுத்துக்கொண்டது. முகத்துவாரத்துக்கு வந்து சேரும்போது அதற்குக் கடலை எதிர்க்கத் தெம்பில்லை. மணல்திட்டு வருஷத்துக்கு வருஷம் உயர்ந்து, அகன்று, இப்போது அதன்மேல் முச்சக்கரவண்டி ஓடுகிறது. பின்னால் ஆறு போக வழியில்லாமல் ஊருக்குள் ஏறி நிற்கிறது. இது யாருடைய குற்றம் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டுவார்கள். நீட்டுகிற எல்லாக் கைகளும் சரியான பக்கம்தான் நீளும்.

திட்டு பெருத்துவிட்டது, மண்வெட்டியால் வெட்டினால் நாளை வரைக்கும் வேலை இருக்கிறது என்றார் ஹாஜியார். மெசின் வேண்டும். மெசின் என்றதும் அவர் ஸப்வானைப் பார்க்கவில்லை, குடையின் கம்பியைப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பக்கம் ஒரு இறால் பண்ணை இருந்தது. வாய் திறந்து தண்ணீர் இறங்கினால், ஆற்றிலிருந்து பண்ணைக்குத் தண்ணீர் இழுக்கும் பம்பின் குழாய் அந்தரத்தில் தொங்கும். அவர் அதைச் சொல்லவில்லை. ஜனாஸாவை வைத்துக்கொண்டு தாமதிப்பது நல்லதல்ல என்று மட்டும் சொன்னார், அதுவும் உண்மைதான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் பார்ப்பது. அதற்குள் நௌஃபரின் குழி வற்றினால் இங்கே. வற்றாவிட்டால் புது மையவாடி, அதற்கு மேல் பேச்சில்லை.

அஸ்ரியா ஒப்புக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது ஸப்வான் ஒழுங்கையில் பாதி தூரம் போயிருந்தான்.

ரோட்டோரத்தில் அவனுடைய டிப்பர் நின்றது. விடியற்காலையில் செய்தி போய்ச் சேருவதற்கு முன்பே ஏற்றிய ஆற்று மணல் அதில் குவிந்திருந்தது. அதற்குப் பின்னால் மண் தோண்டும் மெசின், மஞ்சள் பெக்கோ, வாளியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. இரண்டையும் அவன் ரோட்டிலேயே நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. உம்மா அவற்றை வீட்டு வளவுக்குள் விடவில்லை. அதற்காக அவர் மகனோடு சண்டை போட்டார் என்றில்லை. அவன் வாங்கி வந்த மருந்தைக் குடித்தார், அவன் பிள்ளைகளுக்கு வட்டிலப்பம் அவித்து அனுப்பினார். வீட்டுச் சுவருக்குப் பூச்சு வைக்க மணல் கொண்டுவரட்டுமா என்று அவன் கேட்டபோது மட்டும், "செவரு குளிருது எண்டு அழுகுதா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த வீட்டுச் சுவரில் கற்கள் இன்றைக்கும் அப்படியே தெரிகின்றன.

ஸப்வான் டிப்பரின் சக்கரத்தில் சாய்ந்து நின்றான். தங்கச்சி வருவதைக் கண்டதும் அவனே தொடங்கினான். ஆற்றை அள்ளினவன் இன்றைக்கு ஆற்றுக்கு வாய் வெட்ட வந்திருக்கிறான் என்று ஊரே கூடி நின்று சிரிக்கும், அந்தச் சிரிப்பை உம்மாவின் மையத்தை வீட்டில் வைத்துக்கொண்டு தன்னால் கேட்க முடியாது என்றான். அவன் குரல் உடைந்தது. பிறகு அது கோபமானது.

"ஆறு பேர் அள்ளுறாங்க, நான் மட்டுமா? கொளத்த நானா கட்டின? மழய நானா நிப்பாட்டின?"

"நான் நியாயம் கேக்க வரல்ல நானா. மெசின் கேக்க வந்த."

அவன் அவளுடைய கால்களைப் பார்த்தான். மையவாடிச் சேறு கணுக்கால் வரைக்கும் அப்பியிருந்தது. அபாயாவின் கரையும் சேறு. தங்கச்சியை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. புத்தளத்தில் புடைவைக் கடையில் வேலை செய்கிறவள், தூசு பட்டாலும் தட்டிவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவாள். ரோட்டில் இரண்டு சைக்கிள்கள் போயின.

"கடல் எப்ப வத்தும்?" என்று கேட்டான். கடல் மட்டம் இறங்கும் நேரத்தில்தான் வெட்டிய வாய் நிற்கும்.

"பகலைக்குப் பொறகு."

ஸப்வான் பெக்கோவில் ஏறிச் சாவியைத் திருகினான்.

முகத்துவாரத்தில் அவன் சொன்னபடியே ஊர் கூடியிருந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மரணத்துக்காக மெசின் வருவதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு பெண் அங்கே வந்து நிற்பதைப் பற்றி யாரோ எதுவோ சொல்ல வாயெடுத்தார்கள், அஸ்ரியா திரும்பிப் பார்த்ததும் அது தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. திட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு, தேத்தண்ணி நிறத்தில், குப்பையும் தென்னோலையும் மிதக்க அசையாமல் கிடந்தது. அந்தப் பக்கம் கடல். இரண்டின் நீர்மட்டத்துக்கும் நடுவே வித்தியாசம் இடுப்பளவுகூட இல்லை. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

ஸப்வான் வேகமாக வெட்டினான். வாளி இறங்கியது, நிமிர்ந்தது, சுழன்று மணலைத் தூரத்தில் கொட்டியது. அவன் வேலையில் கெட்டிக்காரன், அதை ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். லுஹர் பாங்கு கேட்கும்போது ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே வாய் ஒரு ரோடு அளவுக்கு அகலமாகத் திறந்து கிடந்தது. ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்தது. வந்து, பாயை விரித்ததுபோல இரண்டு பக்கமும் பரவி, கணுக்கால் ஆழத்தில் மெதுவாக நடந்து போனது. எதிரே ஒரு அலை ஏறி வந்து, கொண்டுவந்த மணலை வாய்க்காலிலேயே போட்டுவிட்டுப் போனது. அடுத்த அலையும் அதையே செய்தது. ஸப்வான் இன்னும் அகலமாக வெட்டினான். கடலுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது.

மண்வெட்டி பிடிக்கிறவன் எவனும் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டான். மண்வெட்டிக்காரன் சோம்பேறி. ஓர் ஆள் அகலத்துக்கு மேல் வெட்ட அவனுக்கு மனம் வராது, மீதியைத் தண்ணீர் வெட்டட்டும் என்று கரையில் போய்க் குந்திவிடுவான். ஸப்வானின் கை பத்து வருஷமாக அள்ளிப் பழகிய கை. அதிகம் அள்ளினால் அதிகம் நல்லது என்பதுதான் அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே வழி.

அஸ்ரியாவுக்கு ஹஸ்மியின் ஞாபகம் வந்தது. வாப்பா இருந்த காலத்தில், வாய் வெட்டுகிற நாளில் அவரோடு பிள்ளைகள் மூன்று பேரும் இங்கே வருவார்கள். புதிதாக வெட்டிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால் வைத்து ஹஸ்மி நிற்பான். அடியில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடும். வாப்பா சத்தம் போட்டுத் தூக்கும் வரைக்கும் அப்படியே நிற்பான். ஏழு வயதுப் பிள்ளையின் இரண்டு கால்களுக்கு நடுவே அந்த ஆறு போனது.

அவள் தண்ணீருக்குள் இறங்கி, பெக்கோவின் பக்கமாகப் போய்க் கையைக் காட்டினாள். ஸப்வான் எஞ்சினை நிறுத்தினான்.

"அகலம் கூடிப் போச்சு நானா. குறுக்கணும்."

"எதால?"

"மணலால."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு திரும்பி, தென்னைகளுக்கு அப்பால் ரோட்டில் நின்ற டிப்பரைப் பார்த்தான். புத்தளத்தில் ஒருவர் மாடி வீடு கட்ட அந்த மணலுக்காகக் காத்திருந்தார். ஸப்வான் போனை எடுத்து, டிப்பரைத் திட்டுக்குக் கொண்டு வரும்படி டிரைவரிடம் சொன்னான். மணலை இறக்கிவிட்டா வருவது என்று அந்தப் பக்கம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. "மணலோட வா" என்றான்.

அதற்குள் அக்கரையிலிருந்து மார்த்தா அக்கா வந்துவிட்டார். கரைவலைக்காரர்களின் குடியிருப்பில் இறால் வாங்கி விற்கிற மனுஷி, உம்மாவின் சிநேகிதி. அவருக்குப் பின்னால் நாலைந்து பெண்கள், தலையில் வெறும் சாக்குக் கட்டுகளோடு வந்தார்கள். வெறும் மணலைக் கொட்டினால் கடல் தின்றுவிடும், சாக்கில் கட்டிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கட்டை அவிழ்த்தார். அஸ்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறந்தால் அக்கரைக்காரர்களுக்குத் திட்டுப் பாதை இல்லை. கோயிலுக்கும் கடைக்கும் பாலத்தால் சுற்றித்தான் போக வேண்டும். அதைக் கேட்டபோது மார்த்தா சாக்குகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"என்ட மனுசன் செத்த அண்டைக்கு வாய் தொறந்து கிடந்தது. உங்கட உம்மா பாலத்தால சுத்தி நடந்து வந்தவ. நாங்களும் சுத்திப் போவம், என்ன வந்தது."

டிப்பர் பின்பக்கமாக வந்து, வாய்க்காலின் ஓரத்தில் பெட்டியைத் தூக்கியது. ஆற்றிலிருந்து எடுத்த மணல் ஆற்றோரம் சரிந்து விழுந்தது. ஸப்வான் மெசினிலிருந்து இறங்கி, யாரோ ஒருவனுடைய மண்வெட்டியை வாங்கி, முழங்காலில் நின்று அள்ளத் தொடங்கினான். அஸ்ரியா எதிரே குந்தி, சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். மற்றவர்கள் கட்டிய மூட்டைகளைத் தூக்கிப் போய், இரண்டு பக்கத்திலும் அடுக்கி, வாய்க்காலை உள்ளே உள்ளே நெருக்கினார்கள். நௌஃபரும் வந்து சேர்ந்துகொண்டான். கபுறுக் குழியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட இது மேல் என்றான்.

ஏழோ எட்டோ சாக்குகளுக்குப் பிறகு, தலையை நிமிர்த்தாமலே ஸப்வான் சொன்னான்.

"உம்மா என்ட மணல ஒரு சட்டிகூட வாங்கல்ல."

"இப்ப வாங்குறா. நெறச்சுப் போடுங்க."

அவன் அழுதான். மண்வெட்டி நிற்கவில்லை. கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியாததால் மூக்கிலிருந்து மணலில் சொட்டியது. அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் சாக்கின் வாயை விட்டால் மணல் கொட்டிவிடும் என்பதால் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் வாய்க்கால் ஒரு கதவு அகலத்துக்குக் குறுகியது. பரந்து சோம்பிக் கிடந்த தண்ணீருக்கு வேறு வழியில்லை, அந்த இடைவெளியில் முட்டிக்கொண்டு வந்தது. முதலில் அதன் சத்தம் மாறியது. பிறகு நிறம் மாறியது, அடியிலிருந்து கறுப்பு மண் கிளம்பியது. எதிரே வந்த அலை உள்ளே ஏறப் பார்த்து, முடியாமல், இரண்டு பக்கமும் கலைந்து போனது. யாரோ ஒரு தென்னோலையைப் போட்டார்கள், அது நின்று பார்க்க நேரமில்லாமல் கடலுக்குப் போய்விட்டது. வாய்க்காலின் சுவர்கள் கட்டி கட்டியாக இடிந்து விழத் தொடங்கின. ஸப்வான் ஓடிப்போய் பெக்கோவைப் பின்னுக்கு எடுத்தான். அவர்கள் அடுக்கிய மூட்டைகளையும் தண்ணீர் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போனது. இனி அவை தேவையில்லை. தனக்கு வேண்டிய அகலத்தை ஆறே எடுத்துக்கொண்டது.

அஸாம் ஹாஜியார் குடைக்குள் நின்றபடி போனில் பேசினார். "பம்ப நிப்பாட்டிக் குழாயத் தூக்கி வை. தண்ணி இறங்குது" என்று பண்ணைக்காரனிடம் சொல்லிவிட்டு, அஸ்ரியாவிடம் திரும்பி, "நீ போ மகள். உம்மாவக் குளிப்பாட்டுற வேலையப் பாரு" என்றார்.

வீட்டில் பெண்கள் தயாராக இருந்தார்கள். அறைக்குள் திரை கட்டி, பலகை போட்டு, வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். அஸ்ரியா முதலில் கிணற்றடிக்குப் போய், தன் நகங்களுக்குள் இருந்த மணலை ஈர்க்குச்சியால் எடுத்தாள். ஒரு மணிகூட உம்மாவின் மேல் படக்கூடாது என்று நினைத்தாள். ஏன் அப்படி நினைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

உம்மாவின் தலைமுடி அவள் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருந்தது. பாதங்களில் வெடிப்பு இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் செருப்பில்லாமல் அந்தச் சுவர் வரைக்கும் நடந்த பாதங்கள். மெதுவாகத் தேய்த்துக் கழுவினாள். பக்கத்தில் நின்ற பெண் ஓதிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். காலின் கடைசி விரலைக் கழுவும்போது அஸ்ரியாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை, உம்மாவின் பாதத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. வெளியே, வாசலில், பிளாஸ்டிக் கதிரையில் மார்த்தா அக்கா ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கபன் துணியைச் சுற்றி முடிக்கும் நேரத்தில் போன் அடித்தது. நௌஃபர். அவள் ஈரக் கையோடு எடுத்தாள்.

"பழைய குழி மூணையும் மூடிப்போட்டு, ஹஸ்மிட வலப்பக்கம் இன்னும் கிட்ட, புதுசா வெட்டின" என்றான். மூச்சு வாங்கியது. "அடிமண் ஈரந்தான். ஆனா ஊறல்ல."

அஸ்ரியா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளியிலிருந்து அஸர் பாங்கு கேட்டது, முதலில் போனுக்குள், பிறகு வெளியே.

தொழுகை முடிந்து, உம்மாவைக் கிடத்திய சந்தூக்கு பள்ளியிலிருந்து கிளம்பியது. ஒழுங்கையில் காலையில் கணுக்காலுக்கு நின்ற தண்ணீர் வடிந்து சேறு மட்டும் கிடந்தது. டிப்பரில் வைத்துக் கொண்டு போனால் சுலபம் என்று யாரோ சொல்ல, ஸப்வான் சந்தூக்கின் முன் தடிக்குத் தோள் கொடுத்தான். வழுக்கிய இடங்களில் நின்று நின்று போனார்கள். அஸ்ரியா ஆண்களுக்குப் பின்னால் எட்ட நடந்தாள். வீட்டிலேயே இருக்கும்படி ஒரு மாமி சொல்லிப் பார்த்தார். அவள் மையவாடிக்குள் போவதாக இல்லை, சுவர் வரைக்கும் போவதைத் தடுக்கவும் யாராலும் முடியவில்லை.

உம்மா நிற்கும் இடத்தில் அவள் நின்றாள். அந்த இடத்தில் மட்டும் சுவரின் மேல்பக்கம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. இத்தனை நாளும் அதை அவள் கவனித்ததில்லை. சுவரின் ஆற்றுப் பக்கத்தில் காலையில் தண்ணீர் நின்ற கோடு, இப்போது தரையிலிருந்து ஒரு முழம் மேலே, ஈரமாகத் தெரிந்தது. கீழ்ப்பக்கத்தில் கபுறுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்திருந்தன.

சந்தூக்கு வாசலைத் தாண்டியது. உம்மா உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவளுக்கு முதுகுகள்தான் தெரிந்தன. பலகைகளை வரிசையாக வைக்கும் சத்தம் கேட்டது. குனிந்து, ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். ஸப்வான் கடைசியாகப் போட்டான். மூன்றாவது கைப்பிடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஹாஜியார் தோளைத் தொட்ட பிறகுதான் விரல்களை விரித்தான். பூவரச இலை ஒன்று விழுந்தது. அது ஹஸ்மியின் பக்கம் விழுந்ததா உம்மாவின் பக்கம் விழுந்ததா என்று அங்கிருந்து தெரியவில்லை, இரண்டும் அவ்வளவு கிட்ட இருந்தன.

ஆட்கள் கலைந்தார்கள். நௌஃபர் மட்டும் குனிந்து மண்ணைக் கையால் தட்டிப் பார்த்தான். பொழுது சாய்கிறது, கடல் பெருகப் போகிறது, இந்தப் பெருக்குக்கு வாய் அடைபட்டால் தண்ணீர் திரும்பி ஏறும், மண் இறுகும் வரைக்குமாவது திறந்திருக்க வேண்டும் என்று ஸப்வானிடம் சொன்னான். நாளைக்கு? என்று ஸப்வான் கேட்டான். நாளைக்கும்தான் என்றான் நௌஃபர். மேலே குளத்தில் இன்றைக்கு வான்கதவை மூடிவிட்டார்களாம். இனி வரும் தண்ணீரில் வேகம் இருக்காது.

வெறும் சந்தூக்கைப் பள்ளிக்குக் கொண்டுபோக நாலு பேர் எடுத்துக்கொண்டார்கள். ஸப்வான் வாசலுக்கு வெளியே வந்து, சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தான். சாரத்தில் காய்ந்த சேறு, உள்ளங்கையில் கபுறு மண். வீட்டுப் பக்கம் போகும் ஒழுங்கைக்கும் முகத்துவாரத்துக்குப் போகும் பாதைக்கும் நடுவே ஒரு கணம் நின்றான்.

"சாக்கு மிச்சம் ஈக்கா?" என்று அஸ்ரியாவிடம் கேட்டான்.

"ஈக்கி."

அவன் முகத்துவாரப் பக்கம் திரும்பி நடந்தான். மார்த்தா அக்கா சுவரோரம் வைத்துவிட்டுப் போன சாக்குகளை அஸ்ரியா எடுத்தாள். ஒவ்வொன்றையும் உதறி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் போனாள்.